ரேணுகாம்பாளின் ராத்திரி மாத்திரை

அத்தியாயம் 11

சகாதேவன் அழவில்லை என்பதுதான் ஐந்து மாதமாக அடி அண்ணாமலையில் பேச்சு.

கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ரேணுகாம்பாள் அப்படியே உட்கார்ந்தாள், அப்படியே போய்ச் சேர்ந்தாள். தெருவே கூடி மார்பில் அடித்துக்கொண்டபோது சகாதேவன் மட்டும் வாசலில் நின்று, பந்தல்காரனுக்கு மத்தியானம் நிழல் எந்தப் பக்கம் திரும்பும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அழாதது அவரும் மலையும் மட்டும்தான் என்றும், மலையாவது சாயங்காலம் மரியாதைக்குக் கொஞ்சம் மேகம் போட்டுக்கொண்டது என்றும் எதிர்வீட்டுப் பச்சையம்மாள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முன்பு அவர் இப்படி இல்லை. கீழ்பென்னாத்தூர் விற்பனைக் கூடத்தில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போட்டு ஓய்வு பெற்றவர். அவர் தராசுப் பக்கம் வருகிறார் என்று தெரிந்தால் மூட்டைக்குள் கிடக்கும் கல்லும் மண்ணும் வெட்கப்பட்டுத் தாமே இறங்கி நடந்துவிடும் என்பார்கள். அவ்வளவு கோபக்காரர்.

அந்தக் கோபத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் போன வாரம் மகன் புகழேந்தி முயற்சி செய்தான். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி அறை தேடுகிறாள், அம்மாவின் அறையை விடலாமா என்று கேட்டான். சரி என்றார் சகாதேவன். அம்மாவின் தையல் மெஷினை யாரோ கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா என்றான். அதற்கும் சரி. கடைசியில் கத்தியது புகழேந்திதான். "உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதாப்பா?" என்று கேட்டவன், அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டான். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, பேச்சு மட்டும் இல்லை.

அதற்கும் சகாதேவன் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டது, சரி.

பல் பிடுங்கப் போனால் ஊசி போடுகிறார்களே, அப்புறம் கன்னத்தைக் கிள்ளினால் அடுத்தவர் கன்னத்தைக் கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருந்தது அவருக்கு. வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்ற கவலையும் இல்லை.

இது இப்படியே போயிருக்கும். நடுவில் மாத்திரைப் பை வந்தது.

---

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலம் வந்த கூட்டம் ஓய்ந்து, பாதையெல்லாம் ஜோடி பிரிந்த செருப்புகள். பௌர்ணமியன்று இங்கே விட்டுப்போன செருப்பு அடுத்த பௌர்ணமிக்குத் தானே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து நிற்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் யாரும் அவசரப்பட்டுப் பெருக்குவதில்லை.

மருமகள் அன்புச்செல்வி மாமனாரை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போனாள். சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். அறுபது தாண்டியவர்கள் என்னென்ன மாத்திரை போடுகிறார்கள், அதற்கு என்ன செலவாகிறது, அந்தச் செலவுக்காக வேறு எதை விடுகிறார்கள் என்பது அவர்கள் கேள்வி. தென்றல் என்ற மாணவி முந்தின வாரமே வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மருந்துச் சீட்டு வேண்டாம், ஞாபகத்திலிருந்து ஒப்பிக்கவும் வேண்டாம். வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டினால் போதும்.

அன்புச்செல்வி பையில் போட்டது சமையலறை டப்பாவில் இருந்தவற்றை. மாமாவின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. சகாதேவன் கிளம்பும்போது தன் அறைக்குத் திரும்பிப் போய், தலைமாட்டில் இருந்ததையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். அத்தனையும் என்றால் அத்தனையும்தானே.

மண்டபத்தில் கல்யாணக் களைதான். துணிக்கடைப் பை, கோயில் பிரசாதப் பை, அரிசிப் பை என்று எல்லார் மடியிலும் ஒன்று. பச்சையம்மாள் நகைப்பெட்டியைத் திறக்கிற மாதிரி தன்னுடையதைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். அவள் போடுகிற மாத்திரைக்கு அளவே கிடையாது. அவள் தும்மினால் பக்கத்து வீட்டுக் கோழிக்குச் சர்க்கரை இறங்கும் என்பது தெருவில் ஒப்புக்கொண்ட விஷயம்.

"இந்த நீலம் இன்னா விலை தெரியுமா? உங்க வீட்டுல வாங்கித் தருவாங்களா?" என்று அவள் பக்கத்துக் கிழவியைக் கேட்டாள்.

அந்தக் கிழவிக்குப் பொறாமை தாங்கவில்லை. தனக்கும் ஒன்று கொடு, போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். தென்றல் ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

சிரிப்புக்கு அடியில் வேறு கதைகளும் அங்கே கொட்டின. பிரஷர் மாத்திரையைக் கத்தியால் பாதியாக்கிப் புருஷனும் பெண்டாட்டியும் பகிர்ந்துகொள்கிறார்கள், ஒரே சோறு ஒரே வியாதி என்று. இன்னொருவர் மாதக் கடைசியில் மாத்திரையை நிறுத்திவிட்டு, பென்ஷன் வந்ததும் விட்டதையெல்லாம் சேர்த்துப் போடுகிறார். பேரனுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுகிற மாதம் மட்டும் ஒரு பாட்டிக்கு மூட்டுவலி இருப்பதில்லை. தென்றல் யாரையும் கண்டிக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தாள். பாதியில் பேனாவை மூடிவைத்துக் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

சகாதேவன் முறை வந்தது. கொட்டினார்.

தென்றல் அட்டைகளைப் பிரித்து அடுக்கினாள். சர்க்கரைக்கு இது, பிரஷருக்கு இது. ஒரு அட்டை மட்டும் எதிலும் சேரவில்லை.

"இது யாருக்குங்க ஐயா?"

"என் சம்சாரத்துக்கு. அக்கி வந்து போயும் எரிச்சல் நிக்கல. அதுக்குக் குடுத்தது."

"அவங்க வரலையா?"

"இல்ல."

தென்றல் எழுதப் போனவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பாதி காலியாக இருந்தது. "இப்ப இதை யாரு போடறாங்க?"

"நான்தான்," என்றார் சகாதேவன். "ராத்திரி ஒண்ணு."

பக்கத்து நாற்காலியில் இருந்த அன்புச்செல்வி கைப்பையை நழுவவிட்டாள். அது விழுந்த சத்தம் சகாதேவனுக்கு அடுத்த தெருவில் கேட்ட மாதிரி இருந்தது.

அவள் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அத்தை போய் ஐந்து மாதம் ஆகிறது என்றும், மாமா இதைப் போடுவது வீட்டில் யாருக்குமே தெரியாது என்றும், மிச்சம் இருந்ததை வீணாக்கக் கூடாது என்று போட்டிருப்பார் என்றும் தென்றலிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். தென்றல் மறுபேச்சில்லாமல் எழுந்து, ஓரத்து அறையில் இருந்த டாக்டரம்மாவிடம் இருவரையும் கூட்டிப்போனாள்.

---

டாக்டரம்மா முதலில் பிரஷர் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். சமீபத்தில் விழுந்தீர்களா என்றார். இரண்டு தடவை, ஆனால் வலிக்கவில்லை என்றார் சகாதேவன். எப்போது மாமா என்று அன்புச்செல்வி கேட்டதற்கு, அதுதான் வலிக்கவில்லையே, எதற்குச் சொல்வது என்றார்.

ஏன் ஆரம்பித்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

அது ஒன்றும் பெரிய கதை இல்லை. ரேணுகாம்பாளுக்கு விரல் நுனியில் பலம் கிடையாது. தினமும் ராத்திரி இரண்டு பேர் மாத்திரையையும் அட்டையிலிருந்து பிதுக்குவது அவர்தான். அவள் தண்ணீர்ச் சொம்போடு நிற்பாள். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன அன்று ராத்திரி, பழக்கத்தில் அவளுடையதையும் பிதுக்கிவிட்டார். உள்ளங்கையில் கிடந்தது. பிதுக்கின மாத்திரையை மறுபடி அட்டைக்குள் வைக்க முடியாது. தூக்கிப் போட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் அது அவள் மாத்திரை. வாயில் போட்டுக்கொண்டார். நல்ல தூக்கம் வந்தது. மறுநாளும் பிதுக்கினார்.

டாக்டரம்மா அட்டையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இது வலி இருக்கற இடம் எதுன்னு பாத்துப் போற மாத்திரை இல்லைங்க பெரியவரே. எல்லா இடத்துலயும் போய் உட்காந்துக்கும். தலை சுத்தும், மந்தமா இருக்கும். சிலருக்குச் சந்தோஷம், துக்கம் ரெண்டுமே தூரத்துல நடக்கற மாதிரி இருக்கும்."

அன்புச்செல்வி மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த மணமக்கள் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். போன முகூர்த்தத்தில் ஒட்டியது, யாரும் கிழிக்கவில்லை.

"அப்ப மாமா அழாம இருந்தது இதனாலயா டாக்டர்?"

"மாத்திரை எவ்வளவு, துக்கம் எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல என்கிட்ட மிஷின் இல்லம்மா. குறைச்சாத்தான் தெரியும்."

உடனே நிறுத்தக் கூடாது, இத்தனை மாதம் போட்டதால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். இன்று ராத்திரியிலிருந்தே கம்மியான அளவு. அதை அன்புச்செல்விதான் கையில் கொடுக்க வேண்டும். அட்டை மாமா கைக்குப் போகக் கூடாது.

"நிறுத்தினா?" என்றார் சகாதேவன். அன்று அவராகக் கேட்ட முதல் கேள்வி அது.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். "நிறுத்தினா என்ன வரணுமோ அது வரும். கூட ஆள் இருக்கட்டும்."

---

வெளியே வந்தபோது மண்டப வாசலில் ஒரு ஆட்டோவிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார் சைஃபுல்லா. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி மெடிக்கல் வைத்திருப்பவர். முகாமுக்கென்று மருந்து கொண்டுவந்திருந்தார். சகாதேவனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா, நீங்களும் வந்தீங்களா? அம்மாவைக் கூட்டிட்டு வரலையா? உள்ள டாக்டரே இருக்காங்க. பழைய சீட்டை வெச்சிக்கிட்டு நான் எத்தினி மாசம் குடுக்கறது, பேஜாராயிடும். அம்மாவை ஒரு தபா காட்டிப் புதுசா எழுதி வாங்கிக்கலாமில்ல?"

அன்புச்செல்விக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. வீட்டில் மிச்சம் கிடந்த மாத்திரையை மாமா தீர்க்கவில்லை. மிச்சம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. அத்தை பெயரில் மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தார்.

"எரிச்சல் எப்படிங்க இருக்குது அம்மாவுக்கு?" என்றார் சைஃபுல்லா.

"இப்ப ஒண்ணும் இல்ல தம்பி. பரவால்ல," என்றார் சகாதேவன்.

பக்கத்தில் மருமகள் நின்றாள். நாலு பேர் நடுவில் மாமனாரைப் பொய்யராக்க அவளுக்கு மனம் வரவில்லை. மாத்திரை கடைக்கு வந்திருக்கிறது, தனியாக எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு சைஃபுல்லா பெட்டியோடு உள்ளே போனார்.

அவள் ஸ்கூட்டரை மண்டபத்து வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஸ்டாண்டைப் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள்.

"மாமா. அவருக்குத் தெரியாதா?"

தெரியாது என்றார். ரேணுகாம்பாள் அந்தக் கடைக்கு வந்ததே இல்லை. சைஃபுல்லா அவளைப் பார்த்ததும் இல்லை. ஆனால் போகும்போதெல்லாம் அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்பார். அவள் போன பிறகு முதல் தடவை போனபோதும் கேட்டார். பரவாயில்லை என்று இவர் சொன்னார். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. எரிச்சல் நின்றுதான் இருந்தது. இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் ரேணுகாம்பாள் போயிட்டாளே என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த ஒரு கடையில்தான் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார்கள்.

எடைச்சீட்டு வாசிக்கிற குரலிலேயே இதைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அன்புச்செல்விதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்படியென்றால் கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் கொடுத்துக்கொண்டேதான் இருப்பார் என்றாள். தானே போய்ச் சொல்லிவிடுகிறேன், மாமா வீட்டில் இருக்கட்டும் என்றும் சொன்னாள்.

சகாதேவன் யோசித்தார். ஐந்து மாதத்தில் அந்த வார்த்தையை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரவில்லை. தந்தி மாதிரி ஊரே ஊருக்குச் சொல்லிவிட்டது. சாவுச் சீட்டு வாங்கக்கூடப் புகழேந்திதான் போனான்.

"வேணாம். அவன் கேட்டது என்னைத்தானே," என்றார். "சாயங்காலம் கூட்டிட்டுப் போ."

---

சாயங்காலம் செங்கம் ரோடு நிறைய வெள்ளை வேட்டி கட்டிய வெளிநாட்டுக்காரர்கள். காப்பிக் கடை வாசலில் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். போன தை மாதத்திலிருந்து அப்படியே இருக்கிறார், காப்பி மட்டும் அவ்வப்போது காலியாகிறது என்று கடைக்காரர் சொல்வதுண்டு.

சைஃபுல்லா கவுன்டரில் இருந்தார். இவர்களைப் பார்த்ததும் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்துவைத்தார்.

சகாதேவன் அதைத் தொடவில்லை.

"அவளுக்கு இனிமே வேணாம் தம்பி."

"ஏங்க, குணமாயிடுச்சா? நல்ல சேதிதானே?"

சகாதேவன் வாயைத் திறந்தார். சொல்லுக்கும் தனக்கும் நடுவில் கண்ணாடி ஒன்று இருப்பதாகத்தான் இத்தனை நாளும் இருந்தது. அது இன்னும் இருந்தது. அதைத் தாண்டித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"செத்துட்டா."

சைஃபுல்லா எழுந்து நின்றார். உதட்டுக்குள் அரபியில் மெல்ல ஏதோ ஓதினார். கவரை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். பிறகுதான் கேட்டார்.

"எப்பங்க ஐயா?"

சகாதேவனுக்குத் தேதி தெரியும். கிழமை தெரியும். அன்று வெயில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதுகூடத் தெரியும். அன்புச்செல்வி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு," என்றார்.

அன்புச்செல்வி நிமிர்ந்தாள். மறுத்துச் சொல்ல வாயெடுத்தவள் மாமனார் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு கையாலும் கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் ஒரு எட்டு நகர்ந்து நின்றாள்.

காலையில் பார்த்தபோதுகூட ஒண்ணும் இல்லை என்றீர்களே என்று சைஃபுல்லா கேட்கவில்லை. துக்கக்காரரிடம் கணக்குக் கேட்கிற வழக்கம் அவரிடம் இல்லை. நீங்கள் ஏன் அலைகிறீர்கள், போன் போட்டிருந்தால் போதுமே என்று மட்டும் சொன்னார். ஷட்டரை இறக்கிப் பூட்டினார். எதிர்ப் பூக்கடையில் ஒரு ரோஜா மாலையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தார். அன்புச்செல்வி தடுத்துப் பார்த்தாள். இவ்வளவு நாள் பழகிவிட்டு வராமல் இருப்பது முறையில்லை, நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னாலேயே வருகிறேன் என்றார்.

அடி அண்ணாமலை வரை சகாதேவன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, பின்தொடர்ந்து வரும் அந்த மாலையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். காற்றில் அதன் இதழ் ஒவ்வொன்றாக ரோட்டில் உதிர்ந்தது.

வீட்டு வாசலில் புகழேந்தி நின்றிருந்தான். காலையிலிருந்து நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. வழக்கம்போல அப்பாவைப் பார்க்காத பாவனையில் உள்ளே திரும்பப் போனவன், மாலையோடு ஒரு ஆள் வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்து நின்றுவிட்டான்.

சைஃபுல்லா நேராக அவனிடம் போனார். இவன்தான் மகன் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே மூக்கு, அதே நெற்றி. அவன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா சேதி இப்பத்தான் தெரிஞ்சுது தம்பி. மனசை விட்டுடாதீங்க," என்றவர், தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். பந்தல் இல்லை, கூட்டம் இல்லை, சங்குச் சத்தம் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?"

புகழேந்தி அவரைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். கடைசியாக, போன வாரத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, அப்பாவை நேருக்கு நேர் பார்த்தான்.

சகாதேவன் ஸ்கூட்டரிலிருந்து இன்னும் இறங்கவில்லை. பதில் என்ன வரப்போகிறது என்று கேட்க அவர் தலையைத் தூக்கி, மகனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.